காற்றை அளக்க மாடிக்குப் போனவள்

முன்னேற்றத்துக்குச் சதவீதம் போட வேண்டும் என்று முதன்முதலில் சொன்ன ஆள் யாரென்று தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். நேரில் போய் நாலு கேள்வி கேட்க வேண்டும். எங்கள் கல்லூரியில் இறுதி ஆண்டு புராஜெக்ட் என்றால் வாரா வாரம் சனிக்கிழமை ரிவ்யூ. ஒவ்வொரு ரிவ்யூவிலும் கடைசி ஸ்லைடில் ஒரு பச்சைப் பட்டை இருக்க வேண்டும். எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். போன வாரத்தைவிட இந்த வாரம் பட்டை கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும். உள்ளே என்ன நடந்தது, நடக்கவில்லை என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பட்டை நீண்டால் சார் தலையாட்டுவார், கையெழுத்துப் போடுவார், அடுத்த டீமைக் கூப்பிடுவார்.

அந்தப் பட்டையைச் சுருக்கிக் காட்டிய ஒரே ஆள் எங்கள் டீமில் இருந்த பாண்டிச்செல்வி. அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவள் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. இன்றைக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறாள். ஆனால் போன வருஷம் அவளுக்குக் கல்லூரியில் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கயத்தாறுப் பக்கத்துப் பிள்ளை அவள். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலைதான். அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா பேச்சி தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறார். அக்கா ஒரகடத்தில் செல்போன் கம்பெனிக்கு வேலைக்கு வந்ததால், தங்கையும் இந்தப் பக்கத்துக் கல்லூரியிலேயே மெக்கானிக்கல் சேர்ந்துவிட்டாள். ஆள் குள்ளம், குரல் பெரிசு. கேன்டீனில் அவள் சிரித்தால் ஆபீஸ் ரூமில் கேட்கும். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும், "நீ பாத்தியா?" என்று கேட்பாள். பஸ் போய்விட்டது என்றால் நீ பாத்தியா. ரிசல்ட் வந்துவிட்டது என்றால் நீ பாத்தியா. முதல் வருஷம் இதற்காகவே அவளோடு நான் பேசாமல் இருந்தேன். அப்புறம் என்னவோ, அவள் கேட்காவிட்டால் எனக்கு ஒன்றும் ஓடாது என்று ஆகிவிட்டது.

நான் இசைவாணி. வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். எங்கள் டீமில் மூன்றாவது ஆள் ஹேமந்த், வேலூர்ப் பையன், ஆண்கள் விடுதியில் இருந்தான். அவன்தான் டீம் லீடர். ஏன் அவன் என்று கேட்காதீர்கள். எங்கள் கைடு பலராமன் சார் முதல் நாளே, "ஹேமந்த், நீ லீடரா இருந்துக்கோ" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தோம். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புராஜெக்ட், காற்றின் வேகத்தை அளக்கும் கருவி. யோசனை பாண்டிச்செல்வியுடையது. ஒரகடத்தில் எங்கே பார்த்தாலும் புதுக் கட்டடம், அதன் தலைக்கு மேல் கிரேன். காற்று பலமாக அடித்தால் கிரேனை நிறுத்தியாக வேண்டும். பெரிய கம்பெனியில் அதற்குக் கருவி இருக்கும். சின்ன ஒப்பந்தக்காரர்கள் சிலர் கம்பத்தில் ஒரு பாலிதீன் பையைக் கட்டிவிட்டு, அது ஆடுவதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

"கீழ நாலு பேரு நிக்காவ, பாலிதீன் பையையா நம்புததுக்கு?" என்று அவள் கேட்டாள். அந்த ஒரு கேள்வியில்தான் வேலை தொடங்கியது.

தண்ணீர்த் தொட்டியில் மிதக்குமே ஒரு பிளாஸ்டிக் பந்து, அதை இரண்டாக அறுத்தால் இரண்டு கிண்ணம். அப்படி மூன்று கிண்ணங்களை மூன்று கைகளில் பொருத்தி, ஒரு தண்டின் மேல் வைத்தாள். காற்றடித்தால் கிண்ணங்கள் சுற்றும். எத்தனை சுற்று என்று ஒரு சென்சார் எண்ணி, சின்ன மெமரி கார்டில் பதிந்து வைக்கும். எத்தனை சுற்றுக்கு எவ்வளவு வேகம் என்று தெரிய வேண்டுமே? ஞாயிற்றுக்கிழமை காலையில் சிப்காட் தொழிற்பேட்டைச் சாலை காலியாகக் கிடக்கும். நான் வீட்டு ஸ்கூட்டியைக் கொண்டுவந்து ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து, நீளக் குழாயில் கருவியைச் சொருகித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வாள். முப்பதில் ஒரு தரம், நாற்பதில் ஒரு தரம். போகும்போது ஒன்று, அதே வேகத்தில் திரும்பும்போது ஒன்று.

ஒரு கம்பெனி கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "இன்னாம்மா இது, காலங்காத்தால காத்தாடி வுட்டுக்கினு?"

"காத்தாடி இல்லண்ணே, காத்த அளக்கோம்" என்றாள் பாண்டிச்செல்வி.

"அளந்து?"

"அளந்து ஒங்களுக்கும் சொல்லுதோம், வழிய விடுங்க."

அவர் சிரித்துவிட்டார். அந்த வாரம் ரிவ்யூவில் பச்சைப் பட்டை நாற்பதைத் தொட்டது. நேர்மையான நாற்பது.

அடுத்து, கருவியை உயரமான இடத்தில் வைத்து மாதக்கணக்கில் அளவு எடுக்க வேண்டும். வந்தது வினை. கல்லூரிக் கட்டடத்து மாடி முழுக்க ஏசி மெஷின்கள். அவை விடும் காற்றை அளந்து யாருக்கு என்ன லாபம்? பெண்கள் விடுதி மாடிக்குப் போகும் கதவில் பூட்டு. பாதுகாப்பாம். அந்த விடுதியிலேயே தங்கியிருந்த பாண்டிச்செல்வி நாலு வருஷத்தில் அந்தக் கதவு திறந்து பார்த்ததில்லை. அதன் சாவி எங்கே இருக்கிறது என்று வார்டனுக்கே தெரியாது. மிச்சம் இருந்தது ஆண்கள் விடுதி மாடி. அது திறந்தே கிடந்தது. அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம் போலிருக்கிறது.

ஆகவே பாண்டிச்செல்வி செய்த கருவியை ஹேமந்த் கொண்டுபோய் மாடியில் நட்டான். எப்படி நட வேண்டும், எந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி மறைக்கக் கூடாது என்று அவள் படம் வரைந்து கொடுத்தாள். வாரா வாரம் அவன் கார்டைக் கழற்றிக் கொண்டுவந்து தருவான். தான் செய்த கருவி சுற்றுவதைப் பார்க்க, அவள் விளையாட்டு மைதானத்தின் கோடியில் நின்று கழுத்தை வளைத்துப் பார்ப்பாள். அங்கிருந்து ஒரு குச்சிதான் தெரியும். அதைப் பார்த்து நிற்பாள்.

செப்டம்பர் முழுக்க அளவு அருமையாக வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கடல் பக்கமிருந்து காற்று திரும்பும்போது வரைபடத்தில் கோடு அழகாக மேலே ஏறும். அக்டோபரில் அந்த ஏற்றம் சப்பென்று விழுந்துவிட்டது. காலை, மாலை எல்லாம் ஒரே மாதிரி, படுத்த கோடு.

"ஹேமந்த், கருவில என்னமோ கோளாறு" என்றாள்.

"கோளாறும் இல்ல, ஒண்ணும் இல்ல. சீசன் மாறிடுச்சு. அவ்ளோதான்."

"நீ பாத்தியா?"

"டெய்லி பாக்கறேன். நல்லாத்தான் சுத்துது."

கார்டு எடுக்கிற நாள் தவிர, அவன் மாடிப்படியின் உச்சிக்கு வந்து, கதவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவன். அது எங்களுக்கு அப்போது தெரியாது. அந்த வார ரிவ்யூவில் பட்டை ஐம்பத்தைந்து, அடுத்த வாரம் அறுபது என்று அவன் நீட்டிக்கொண்டே போனான்.

நவம்பரில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வந்தது. ஒரகடம் கூட்டு ரோட்டில் வைத்திருந்த கல்யாண பேனர் கிழிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் விளக்குக் கம்பத்தில் சுற்றிக்கொண்டு தொங்கினார்கள். கேன்டீன் கூரைத் தகடு ஒன்று பறந்து புல்வெளியில் கிடந்தது. அன்றைய அளவு என்ன தெரியுமா? இலை அசைகிற காற்று! பாண்டிச்செல்வி கார்டை எடுத்துக்கொண்டு நேராகப் பலராமன் சாரிடம் போனாள். நானும் போனேன்.

"சார், நான் மேல போயிப் பாக்கணும். பத்து நிமிஷம் போதும்."

"பாய்ஸ் ஹாஸ்டலுக்கா? என்னம்மா பேசற?"

"பசங்க எல்லாரும் கிளாஸ்ல இருக்கும்போது போறேன் சார். வாட்ச்மேன் கூட வரட்டும். நீங்க வேணும்னாலும் வாங்க."

"ஹேமந்த் இருக்கான்ல? அவன போட்டோ எடுக்கச் சொல்லு. அதப் பாத்துக்கோ."

அதற்கு மேலும் அவள் விடவில்லை. எழுதிக் கொடுத்தாள். அது சாரிடமிருந்து வார்டனுக்கும், வார்டனிடமிருந்து முதல்வருக்கும், முதல்வரிடமிருந்து திரும்பச் சாருக்கும் சுற்றியது. கருவியைவிட அந்தக் காகிதம்தான் நன்றாகச் சுற்றியது. கடைசியில் வந்த பதில், 'ஆண் மாணவர் குழுவில் இருப்பதால் மாணவி மேலே செல்லத் தேவை எழவில்லை.' தேவை எழவில்லையாம்! காற்று எழுந்தது, கூரை எழுந்து பறந்தது, இவர்களுக்குத் தேவை மட்டும் எழவில்லை.

ஹேமந்த் போட்டோ எடுத்து வந்தான். படிக்கட்டுக் கதவிலிருந்து எடுத்த படம். தண்டின் நடுவில் என்னவோ மஞ்சளாகத் தெரிந்தது.

"அது இன்னா மஞ்சளா?" என்று நான் கேட்டேன்.

"வெயிலு" என்றான் கூச்சமே இல்லாமல்.

அந்தச் சனிக்கிழமை ரிவ்யூ முடிந்து, பையன்கள் எல்லாரும் மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் ஆண்கள் விடுதிக்குள் போனோம். ஒளிந்து போகவில்லை. வாட்ச்மேனிடம், "மாடிக்குப் போறோம்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் படியேறினோம். அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது மாடியில் இருந்தோம்.

மேலே போய்ப் பார்த்தோம். ஆயுத பூஜையன்று எங்கள் பக்கத்தில் ஓடுகிற எதையும் சும்மா விடுவதில்லை. கம்பெனி மெஷின், காலேஜ் பஸ், ஜெராக்ஸ் மெஷின், லேத் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, அன்றைக்கு ஓய்வு கொடுப்போம். அது நல்ல வழக்கம்தான். அந்த வழக்கத்தில் விடுதிப் பையன்கள் எங்கள் காற்றுமானிக்கும் பூஜை போட்டிருக்கிறார்கள். ஒரு கிண்ணத்துக்குள் அப்பிய சந்தனம் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. தண்டைச் சுற்றி சாமந்தி மாலை. கிண்ணத்தைத் தாங்கும் கை ஒன்றிலிருந்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிறு தொங்கியது. மழையில் குங்குமம் கரைந்து பேரிங்குக்குள் இறங்கிச் சேறாகியிருந்தது. சாமி கும்பிட்டவன் மறுநாள் மாலையைக் கழற்ற வேண்டும் என்று ஒருத்தனுக்குக்கூடத் தோன்றவில்லை. வாரா வாரம் கார்டை எடுக்க வந்த ஹேமந்துக்கும் தோன்றவில்லை. கார்டுப் பெட்டி கம்பத்தின் அடியில் இருந்தது. அவன் குனிந்து எடுத்தான், போனான். தலையைத் தூக்கவில்லை.

"நானும் சாமி கும்பிடுதவதான்" என்றாள் பாண்டிச்செல்வி. மாதா மாதம் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனிடம் போகிறவள் அவள். "ஆனா சுத்துதது மேலயா கட்டுவாவ? வண்டிச் சக்கரத்துல மாலையப் போட்டுட்டு வண்டிய ஓட்டுவானா?"

கத்திரிக்கோலால் அவள் மாலையை அறுத்துக்கொண்டிருந்தபோதே துணை வார்டன் மூச்சிரைக்க வந்து நின்றார். நாங்கள் எலுமிச்சம்பழத்தைக் காட்டினோம். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "லேடீஸ்! லேடீஸ்!" என்று மட்டும் கத்தினார், ஏதோ தீப்பிடித்த மாதிரி. அவள் பதற்றப்படாமல் கருவியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் அதே பேச்சு. ஆண்கள் விடுதியில் இரண்டு பெண்கள் பிடிபட்டார்களாம். பிடிபட்டார்களாம்! திருட்டுக் கோழியா பிடித்தார்கள்? மாடியில் என்ன பார்த்தோம் என்று அந்தக் குரூப்பில் ஒருத்தராவது கேட்டார்களா என்றால், இல்லை.

இரண்டு பேருக்கும் மெமோ. பெற்றோரை அழைத்து வர வேண்டும். என் அப்பா வாலாஜாபாத்தில் நெல் அரவை மில் வைத்திருக்கிறார். வந்தார், என்னைத் திட்டினார், அவர்களையும் திட்டினார், கையெழுத்துப் போட்டார், டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு விடுதி இல்லை, ஆகவே விதியும் இல்லை. பாண்டிச்செல்விக்கு அப்படி இல்லை. விடுதி விதியை மீறியவள் என்று அவளை மட்டும் தனியாக நிறுத்தினார்கள். பேச்சியம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு கயத்தாறிலிருந்து பஸ் பிடித்து வந்து, முதல்வர் அறைக்கு வெளியே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே கூப்பிட்டபோது, மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அனுமதியின்றிச் சென்றது தவறு, சரி. விடுதிக்கு மன உளைச்சல் ஏற்படுத்தியது தவறு, அதுவும் சரி என்று வையுங்கள். கடைசி வரி, 'இனி எந்தக் கட்டடத்தின் மாடிக்கும் செல்ல மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.'

"எழுதிக் குடுத்துரு தாயி" என்றார் பேச்சியம்மா. மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "படிப்ப முடிச்சிட்டு என்ன வேணாலும் பண்ணு. இப்பம் எழுதிக் குடுத்துரு."

"கேக்காமப் போனது தப்புன்னு எழுதுதேன். கேட்டும் விடலன்னும் எழுதுதேன். கடைசி வரிய எழுத மாட்டேன்."

"அதுல அப்படி என்னட்டி இருக்கு?"

அவள் வாசித்துக் காட்டினாள். பேச்சியம்மா முதல்வரைப் பார்த்தார். அதுவரை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், கையை எடுத்துவிட்டார்.

"எந்த மாடிக்குமா? அப்பொ எங்க வீட்டு மொட்ட மாடில வத்தல் காயப்போட நான் யாரக் கூப்பிடுதது சார்? நீங்க வருவியளா?"

முதல்வர் பலராமன் சாரைப் பார்த்தார். பலராமன் சார் ஜன்னலைப் பார்த்தார். ஆனால் வரியை மட்டும் எடுக்க மாட்டோம் என்றார்கள். கையெழுத்து இல்லையென்றால் விடுதி இல்லை. அன்றைக்கே பாண்டிச்செல்வி பெட்டியைக் கட்டினாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் கருவி. வல்லக்கோட்டை ரோட்டில் அக்கா வாடகைக்கு இருந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த சனிக்கிழமை ரிவ்யூ. போன வாரம் எங்கள் பட்டை எழுபது. அவள் லேப்டாப்பை வாங்கித் தானே ஸ்லைடு போட்டாள். நாற்பது.

பலராமன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது? முன்னேற்றம்னா முன்னால போறது. பின்னால போறதுக்குப் பேரு முன்னேற்றமா?"

"அக்டோபர்ல இருந்து எடுத்த அளவு எல்லாம் தப்பு சார். புதுசா எடுக்கணும்."

"டைம் இல்ல. ஹேமந்த் ஒரு ஐடியா சொன்னான்."

ஹேமந்த் எழுந்தான். "சிம்பிள் சார். மாலையால வேகம் கொறஞ்சிருக்கு. எல்லா அளவையும் ஒன்றரையால பெருக்கிட்டா சரியாயிடும்."

"மாலை முதல் நாளு ஈரமா இருக்கும், பத்தாம் நாளு காஞ்சு போகும், மழையில திரும்ப நனையும். தெனமும் ஒரே மாதிரியா தடுத்திருக்கும்?" என்றாள் அவள். "எந்த நாளு எவ்வளவு தடுத்துச்சுன்னு நீ பாத்தியா?"

"யாரும்மா இதெல்லாம் கேக்கப் போறாங்க?" என்றார் சார்.

கவனியுங்கள், இதைச் சொன்னவர் ஆசிரியர். கிரேனின் அடியில் நிற்கிறவன் கேட்க மாட்டான், உண்மைதான். பெருக்கிப் போட்ட எண்ணை நம்பி அவன் நின்றுகொண்டிருப்பான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெஞ்சைத் தட்டிவிட்டேன். கடைசியில் சார் முடிவாகச் சொன்னார். ஏப்ரலில் வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளர் வருவார். அதற்குள் அவளிடம் போதுமான அளவு இல்லையென்றால் அவளுக்குப் புராஜெக்டில் அரியர். டிகிரி அந்த வருஷம் கிடையாது. அவர் பொறுப்பில்லை. ஹேமந்துக்கு அவர் தனியாக வழி பண்ணிக்கொள்வார்.

நான் அவள் பக்கம் நின்றேன். நின்றேன் என்பதில் பெருமை ஒன்றும் இல்லை, ஸ்கூட்டி என்னிடம்தான் இருந்தது.

அக்கா இருந்த வீட்டின் சொந்தக்காரர் கிளியம்மாள். வயல் போய் சிப்காட் வந்த பிறகு, வீட்டை இரண்டு மாடியாக எழுப்பி, அறை அறையாகக் கம்பெனிப் பெண்களுக்கு விட்டிருக்கிறார். பாண்டிச்செல்வி போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அத்தே, ஒங்க மாடில ஒரு கம்பம் நட்டுக்கிடவா?"

"இன்னாத்துக்கு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாலை, மெமோ, வத்தல் வரைக்கும். கிளியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"மாடிக்குப் போனதுக்கா வூட்ட வுட்டுத் தொரத்துனானுங்க? நல்லா கீதே ஞாயம்! நீ நட்டுக்கோ கண்ணு. எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

பேரிங்கைக் கழுவி, சிப்காட் சாலையில் மறுபடி ஓட்டிச் சரிபார்த்து, டிசம்பரில் கருவியை நட்டோம். அதற்குப் பிறகு அவள் ஒரு வாரம்கூட ரிவ்யூவைத் தவறவிடவில்லை. நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து. பொங்கல் வாரத்தில் பேட்டரி நனைந்து இரண்டு நாள் அளவு போனது. பட்டையைத் திரும்ப நாற்பத்து மூன்றாக்கினாள். மற்ற டீம்கள் சிரித்தன. சில டீம்கள் சென்னையில் கடையில் செய்து வாங்கிய புராஜெக்டை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு சிரித்தன. அவளோ காலையில் துணி காயப்போட வரும் பெண்களோடு மேலே போய், கிண்ணங்கள் தடையில்லாமல் சுற்றுகின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருவாள். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற ஒரு பெண், கொடியில் யூனிஃபார்மை மாட்டும்போதே, "செல்வி, இன்னிக்கு எவ்ளோ?" என்று கேட்பாள். கேட்க ஆளில்லை என்றாரே பலராமன் சார், இங்கே தினமும் கேட்டார்கள்.

ஏப்ரலில் தேர்வாளர் வந்தார். சந்திரலேகா மேடம், ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். ஹேமந்துக்குச் சார் சொன்ன வழி என்ன தெரியுமா? எங்களோடு வந்து நின்று முதல் ஸ்லைடை வாசிப்பது. வாசித்தான். டை கட்டியிருந்தான்.

மேடம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "புராஜெக்ட் ஆகஸ்ட்ல ஆரம்பம். செப்டம்பர் அளவு இருக்கு. அப்புறம் டிசம்பர் வரைக்கும் காலி. ஏன்?"

"சென்சார் ப்ராப்ளம் மேடம்" என்றார் பலராமன் சார் முந்திக்கொண்டு.

"சென்சார்ல ஒரு கோளாறும் இல்ல மேடம்" என்றாள் பாண்டிச்செல்வி. வரைபடத்தில் காலி இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "கருவி மேல என்ன இருக்குன்னு பாக்க என்னைய விடல. நான் போயிப் பாத்தேன். மெமோ குடுத்தாவ. அதனால எடம் மாத்தி மறுபடி எடுத்தோம்."

மேடம் கண்ணாடிக்கு மேலாகச் சாரை ஒரு பார்வை பார்த்தார்.

"கருவி எங்க?"

"வல்லக்கோட்டை ரோட்டுல, நான் இருக்கற வீட்டு மாடில மேடம். இறக்கினா இன்னிக்கு அளவு போயிரும்."

"நான் அங்க வந்து பாக்கறேன். ஓடற கருவியப் பாக்காம நான் மார்க் போடறதில்ல."

சாரின் காரிலேயே போனோம். கிளியம்மாள் வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாண்டிச்செல்வி ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். கிளியம்மாள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து, மேடத்தைக் கும்பிட்டு வழிவிட்டார். பின்னாலேயே பலராமன் சாரும் ஹேமந்தும் படியில் கால் வைத்தார்கள். கிளியம்மாள் குறுக்கே வந்து கையை நீட்டினார்.

"நீங்க எங்க போறீங்க?"

"நான் கைடும்மா. மேல போய்ப் பாக்கணும்."

"கைடா இருந்தா இன்னா? மேல பொம்பளப் புள்ளைங்க துணி காயப்போடற எடம். ஆம்பளைங்களுக்கு இன்னா வேல? இந்தம்மா போயிப் பாத்துக்கினு வரட்டும். நீங்க போட்டோ எடுத்தாறச் சொல்லுங்க."

எனக்கு அப்படியே அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. பலராமன் சாரின் முகம் வேர்த்து வடிந்தது. ஹேமந்த் டையைத் தளர்த்தினான். சந்திரலேகா மேடம் படியில் நின்று திரும்பிப் பார்த்தார். ஒரு நிமிஷமாவது, ஒரே ஒரு நிமிஷமாவது இவர்கள் அங்கேயே நிற்கட்டும் என்று நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

பாண்டிச்செல்வி பாதிப் படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"விடுங்க அத்தே. பாக்க வந்தவங்களத் தடுக்கக் கூடாது."

"ஒன்ன தடுத்தாங்கல்ல?"

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

கிளியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கையை எடுத்தார். வழி திறந்துவிட்டது. ஆனால் பலராமன் சார் நகரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். பாண்டிச்செல்வி மறுபடி மேலே ஏறினாள். திருப்பத்தில் நின்று, கோபமோ கிண்டலோ துளியும் இல்லாமல், அக்கறையாகவே சொன்னாள்.

"பயப்படாம வாங்க சார். இங்க ஒங்களுக்கு யாரும் மெமோ குடுக்க மாட்டாவ."